கல்லடைப்புக்காக ஒரு ஜெபக்குறிப்பு

அந்தப் படத்தை யாராவது பாராட்டிப் பேசினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹெராயினுக்கு அடிமையான நான்கு பையன்களின் கதை. வெளிநாட்டுப் படம். ஆனால் சிரிப்புப் படம். சினிமா தெரிந்தவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்குச் சினிமா தெரியாது. எனக்குத் தெரிந்தது இரத்தமும் சிறுநீரும் சளியும்தான். திருப்பதியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு உட்கார்ந்தால், வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களின் நரம்பைத் தட்டித் தேடி ஊசி குத்துவதுதான் என் பிழைப்பு. ஊசியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறவர்களை ஒரு சனிக்கிழமை பிற்பகலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தப் படத்துக்கு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதைவிட முட்டாள்தனமாக நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதையும் சொல்கிறேன்.

தம்பி என்னைவிட ஏழு வயது சின்னவன். பெங்களூரில் கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் போடும் கம்பெனியில் மூன்று வருடம் இருந்தான். நல்ல காது அவனுக்கு. கூட்டத்தில் எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். திடீரென்று ஒரு மே மாதம் வேலையை விட்டுவிட்டுச் சித்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தான். அம்மா அதைப் பெங்களூர் நாகரிகம் என்று நினைத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது கையைப் பிடித்து சட்டையை மேலே தள்ளினேன். நான் தினமும் பார்க்கிற நரம்புகள். இவனுடையவை கருத்து, கயிறு போல் கெட்டியாகிக் கிடந்தன.

“இன்னாடா இது?”

“பவுடர்க்கா,” என்றான். ஹெராயினை, ஜலதோஷம் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றேன். இந்த மாதிரி ஆட்களைச் சேர்க்கிற வார்டு ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆட்டோவில் இருபது நிமிடம். அங்கேதான் சிக்கல். எங்கள் சபையில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள். மிஷன் காலத்திலிருந்தே பாட்டன், பாட்டி, மகள், மருமகள் என்று நர்சாகவும் கம்பவுண்டராகவும் வார்டு உதவியாளராகவும் வேலை செய்த குடும்பங்கள். எந்த வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாலும் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நிற்பார். நைனா, எங்கள் அப்பா, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர், சபையில் மூப்பர். காணிக்கைத் தட்டோடு நடுவில் நடந்து வருகிறவர்.

“சபைல தெரிஞ்சா நைனா எப்பிடி முன்ன போய் நிப்பாரு?” என்றாள் அம்மா.

“கேட்டப் பூட்டிட்டா எங்க போவான்?” என்றார் நைனா. “நாலு மாசம் ஊட்டோட கெடந்தா தானா சரியாப் பூடும்.”

இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் எனக்கு லேபுக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவியை அம்மா ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பூட்டிவிட்டால் ஆயிற்றா? எங்கள் சபையில் ஒருவன் தொடர்ந்து மூன்று ஞாயிறு கோயிலுக்கு வராவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்பார்கள். அந்த அக்கறையிலிருந்து தப்பிக்க ஒரே வழி ஜெபக்குறிப்பு. கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நமக்கு என்ன கஷ்டமோ அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துப் போட வேண்டும். ஆராதனையின் நடுவே போதகர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். சபை முழுவதும் ஜெபிக்கும். வாசித்த வாரத்தின் புதன்கிழமை, பெண்கள் ஐக்கியத்தார் நான்கைந்து பேர் அந்த வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, டீ குடித்துவிட்டு வருவார்கள். எங்களுக்கு இது சாப்பாடு மாதிரி சாதாரணம்.

குறிப்பைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஊருக்குள் நாங்கள் தெலுங்கு பேசினாலும் கோயிலுக்குள் தமிழ்தான். அம்மா பைபிள் வாசிப்பாள், ஆனால் எழுதிப் பழக்கமில்லை. தம்பி தெலுங்கு மீடியம். நான் ஞாயிறு பள்ளியில் விழுந்து விழுந்து தமிழ் எழுதக் கற்றவள். ஆகவே எங்கள் வீட்டு ஜெபக்குறிப்புகள் எல்லாம் என் கையெழுத்துதான்.

வயிற்று வலி என்று போடச் சொன்னாள் அம்மா. வயிற்று வலி என்றால் என்ன துன்னான் என்று ஆயிரம் கேள்வி வரும். காய்ச்சல் என்றால் ஒரு வாரத்தில் இறங்க வேண்டும். நான் யோசித்தேன். ஆறு வருடத்துக்கு முன் நைனாவுக்கு நிஜமாகவே சிறுநீரகத்தில் கல் இருந்தது. வலி வந்தால் பாயில் புரளுவார், வேர்க்கும், வாந்தி எடுப்பார். அடங்கினால் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வரும், போகும், மறுபடி வரும். வெளியே ஒன்றும் தெரியாது. பவுடர் கிடைக்காமல் தம்பி படுகிற பாடு அத்தனைக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. ‘கல்லடைப்பினால் வேதனைப்படும் என் தம்பியின் பூரண சுகத்துக்காக’ என்று எழுதினேன். எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அதையே எழுதினேன். தம்பி கொஞ்சம் தெளிந்திருந்தான். ஓடப் பார்க்கவில்லை, கத்தவில்லை. ஜெபத்துக்குப் பலன் கிடைக்கிறது என்று அம்மா போனில் சொல்வாள். ஆனால் ஞாயிறுகளில் நான் போனபோது அவன் கண்ணில் ஒரு மந்தம் இருந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. லேபில் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஒரு கல்லூரியில் சனிக்கிழமைதோறும் படம் காட்டுகிறார்கள், இந்த வாரம் முழுக்க டிரக்ஸ் கதை, பார்த்தால் ஜென்மத்துக்கும் தொட மாட்டார்கள் என்றாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

திருப்பதியில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத் தம்பியை வரவழைத்தேன். நைனா பஸ்ஸில் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்.

கல்லூரியின் கருத்தரங்குக் கூடம். ஏசி. நூறு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் மாணவர்கள். படத்தில் ஒருவன் தன் தாத்தா தூங்கும்போது தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும் பல்செட்டைத் திருடிக்கொண்டு விற்கப் போகிறான். கடைக்காரன் அதைத் தன் வாயில் போட்டுப் பார்த்து, கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்கிறான். கூடம் அதிர்ந்தது. இன்னொரு இடத்தில் நான்கு பேரில் ஒருவன் செத்துப் போகிறான். போலீசுக்குப் பயந்து மற்ற மூன்று பேரும் அவனுக்குத் தொப்பி மாட்டி, நடுவில் தாங்கிப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். பக்கத்து சீட்டுக் கிழவி அந்தப் பிணத்திடம் வெயிலைப் பற்றிக் குறை சொல்கிறாள். எனக்கு முன்னால் இருந்த பையன் சிரிப்பு தாங்காமல் நாற்காலிக் கையைத் தட்டினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போய் அந்த புரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கியிருப்பேன். அந்தப் படத்தில் வீடு என்று ஒன்று இல்லை. ஒருத்தனுடைய தாய் ஜன்னலில் அரை நிமிடம் தெரிகிறாள். அவளை வைத்துச் சிரிப்புக் காட்ட முடியாது போலிருக்கிறது, கேமரா நகர்ந்துவிடுகிறது. ஜாக்கெட்டுக்குள் சாவி குத்தக் குத்தத் தூங்குகிற அம்மா இல்லை. அந்தப் பையன்கள் எல்லோரும் மரத்திலிருந்து விழுந்தவர்கள் மாதிரி ஊர் சுற்றுகிறார்கள்.

தம்பியும் சிரித்தான். மற்றவர்கள் சிரிப்பதற்கு அரை நொடி முன்பே சிரித்தான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு காட்சிக்கு மட்டும் சிரிக்கவில்லை. ஒருவன் தெருமுனையில் பவுடர் கொண்டுவருகிறவனுக்காகக் காத்திருக்கிறான், அவ்வளவுதான் காட்சி. கூடத்தில் எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். தம்பி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். கால் ஆடிக்கொண்டிருந்தது, ஏசியில் நெற்றி வேர்த்திருந்தது. பயந்துவிட்டான், படம் வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அது பயமில்லை, பசி. நான் எத்தனை பெரிய மடச்சி என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல். இளம் விரிவுரையாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து, வாழ்க்கையை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல், சமூகத்தின் போலித்தனத்தின் மேல் ஒரு அறை என்றெல்லாம் தெலுங்கில் பேசினார். யாராவது கருத்து சொல்கிறீர்களா என்று கேட்டார். நான் எழுவதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

அந்த நடிகர் ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கிறார், அப்படி யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றான். போட்டுக்கொண்ட பிறகு அவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்து யாரும் வசனம் பேச மாட்டார்கள், எச்சில்தான் ஒழுகும் என்றான். கூடம் சிரித்தது. நீங்கள் சினிமா மாணவரா என்று விரிவுரையாளர் ஆவலாகக் கேட்டார்.

“தியரி தெரியாது சார். ப்ராக்டிகல்ஸ் மட்டும்தான்,” என்றான்.

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரு மாணவி தங்கள் குறும்படத்துக்கு ஆலோசனை வேண்டுமென்று அவன் நம்பரைக் கேட்டாள். அவன் நிஜத்தைத்தான் சொன்னான் என்று அந்த நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் முழுக்கைச் சட்டையில் நின்றிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சித்தூர் பஸ்ஸில் நான் ஆதார் கார்டைக் காட்டினேன். பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் எனக்கு ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாய்ந்து கிடந்த தம்பியைப் பார்த்து, “இவருக்கு ஒண்ணா?” என்று தெலுங்கில் கேட்டார். காசு கொடுத்து அவனுக்கு டிக்கெட் வாங்கினேன். வாங்கின கையோடு படத்தில் வந்த பிணம் ஞாபகம் வந்துவிட்டது. சந்திரகிரி தாண்டும்வரை அவன் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

புத்தலப்பட்டு வருவதற்குள் விழித்துக்கொண்டான். நான் அடக்கமாகத்தான் ஆரம்பித்தேன்.

“படம் பாத்தியே. பயமா இல்லியா உனக்கு?”

“பயம் இன்னாத்துக்கு? பாவமா இருந்துச்சுக்கா. அவனுங்க ஒரு பொட்டலத்துக்கு எவ்ளோ ஓடறானுங்க. பல்லத் திருடறான், பொணத்தத் தூக்கினு அலையறான்.” ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். “எனக்கு இன்னா கொற? ஊட்டுலயே குந்திக்கினு கீறேன். சபையே வந்து பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஊசி போட்டுட்டுப் போவுது.”

“எந்த ஊசி?”

“வலி ஊசி. நர்சம்மா போடுது.”

நர்சம்மா எங்கள் சபையில் மூத்தவர். ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் வேலை செய்து ரிடையர் ஆனவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. புதன்கிழமைக் கூட்டத்தோடு முதல் வாரம் வந்திருக்கிறார். அன்றைக்குப் பவுடர் இல்லாத வேதனையில் தம்பி சுவரில் முட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான். கல் வலியைப் பார்த்தால் நர்சம்மாவுக்குத் தெரியாதா? டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நைனாவுக்கு அந்தக் காலத்தில் எழுதின பழைய சீட்டை, தேதி இருந்த மூலையைக் கிழித்துவிட்டு, தம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறான். இருவருக்கும் ஒரே முதலெழுத்து, ஒரே குடும்பப் பேர். நர்சம்மா தானே போய் ஊசி வாங்கிவந்து, சுடுதண்ணீரில் கை கழுவி, ஜெபித்துப் போட்டிருக்கிறார். இரண்டே நிமிடத்தில் வலி போய்விட்டது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்களாம். பிறகு புதன் மட்டும் போதவில்லை. சனி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஞாயிறன்று அவர் வருவது நான் திருப்பதி பஸ் ஏறிய பிறகு, சாயங்காலம்.

அந்த ஊசி எந்தக் குடும்பத்து மருந்து என்று எனக்குத் தெரியும். பவுடருக்குத் தங்கச்சி.

“நீ சொல்லக்கூடாது? வாய் இல்ல உனக்கு?”

“நான் ஏன் சொல்றேன்?” என்றான். “கல்லுன்னு எழுதனது யாருக்கா? உன் கையெழுத்துதானே.”

அவன் குத்திக் காட்டவில்லை. அந்தப் படத்துப் பையன்கள் பேசுகிற மாதிரிதான், ரொம்பத் தமாஷாகச் சொன்னான். காணிப்பாக்கம் கிராஸில் பஸ் நின்றது, பிள்ளையாருக்குப் போய்வந்த கூட்டம் ஏறியது. அத்தனை பேருக்கு நடுவில் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டேன். எனக்குக் கை எரிந்தது.

வீட்டில் அம்மா சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“நர்சம்மா ஊசி போடறத என்கிட்ட ஏன் சொல்லல?”

“வலில துடிக்கிறான். அது வந்து போட்டா அடங்குது. இதுல சொல்ல இன்னா கீது?”

“அம்மா, அவனுக்குக் கல்லே இல்ல. நாம எழுதன கல்லு.”

அம்மா என்னையே பார்த்தாள். “அப்ப எதுக்கு வலிக்குது?” என்றாள். பாசாங்கு இல்லை. நான்கு மாதம் வாராவாரம் சபையோடு சேர்ந்து ஜெபித்து ஜெபித்து அவளுக்கே அந்தக் கல் நிஜமாகிவிட்டிருந்தது. நைனா டிவியை அணைத்துவிட்டு, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று உள்ளே போனார். இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் குறிப்பு எழுதினேன். ‘ஹெராயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாகி, இப்போது வலி ஊசிக்கும் அடிமையாகியிருக்கும் என் தம்பிக்காக.’ மடித்துப் பெட்டியில் போட்டேன்.

போதகர் மற்றக் குறிப்புகளை வாசித்துவிட்டு என்னுடையதைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நைனாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, “நம் மூப்பர் குடும்பத்தில் உள்ள வாலிப சகோதரனின் சரீர பலவீனம் நீங்க,” என்று வாசித்தார். சபை ஆமென் சொன்னது. சரீர பலவீனம்! நெஞ்சுவலி, மூலம், மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் எங்களிடம் இருக்கிற ஒரே சொல் அது. இரண்டு வரிசை முன்னால் இருந்த நர்சம்மா திரும்பி, சாயங்காலம் வருகிறேன் என்று எனக்கு அன்பாக ஜாடை காட்டினார்.

ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில் அவரை மடக்கினேன். நான் பேசின விதத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“இனிமே எங்க ஊட்டுக்கு வராதீங்க. அவனுக்குக் கல்லு இல்ல. பவுடர் பழக்கம். நீங்க போடற ஊசியும் அதுதான். நாலு மாசமா நீங்கதான் அவனக் கெடுத்துக்கினு இருக்கீங்க.”

நர்சம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “குறிப்புல கல்லுன்னு இருந்துச்சே,” என்றார்.

“நான்தான் எழுதனேன்.”

“தெரியும்மா. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீ லேப்ல இருக்கறவ. தெரியாம எழுத மாட்டன்னு நெனச்சேன். அதான் சீட்டக்கூட ஒழுங்காப் பாக்கல.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் மேலும் எனக்கு இருந்த கோபம், அந்த விரிவுரையாளர், கைதட்டின கூட்டம், அம்மா, நைனா, போதகர் என்று வரிசையாகப் பங்கு வைத்திருந்த கோபம் முழுவதும் என் பக்கமே திரும்பி வந்து நின்றது. ஏமாந்தவர்கள் எல்லோரும் என் எழுத்தை நம்பித்தான் ஏமாந்தார்கள்.

“ஆட்டோவக் கூப்பிடு,” என்று எழுந்தார் நர்சம்மா.

வீட்டுக்கு வந்து தம்பிக்கு இரண்டு லுங்கியும் ஒரு துண்டும் பையில் போட்டார். நைனா கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்பக்கம் நின்றார். வார்டில் நம் ஆட்கள் இருப்பார்களே என்று ஏதோ முணுமுணுத்தார். நர்சம்மா கையை நீட்டினார்.

“மூப்பரே, சாவி.”

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். இந்த இரண்டு வார்த்தையை நான்கு மாதமாக என்னால் சொல்ல முடியவில்லை.

வார்டில் நர்சம்மா ஒன்பது நாள் அவன் கட்டிலருகே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. நான் தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போவேன். தம்பி எங்கள் யாரையும் திட்டவில்லை, அவரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினான். “அன்னிக்கிப் போட்டியே, இன்னிக்கி இன்னா வந்துச்சு?” என்று கத்துவான். “தப்பாப் போட்டேன்டா. இனிமே போட மாட்டேன்,” என்று ஒவ்வொரு முறையும் அதே குரலில் சொல்வார். தெரியாமல் தப்புச் செய்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்தே செய்த நாங்கள் மூன்று பேரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்வையாளர் நேரத்தில் போய்வந்தோம்.

அவன் ஒரேயடியாகத் திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து ஒருமுறை வழுக்கினான், மறுபடி வார்டுக்குப் போனான், வந்தான். இப்போது மருந்து மாத்திரை சாப்பிடுகிறான். கேட்டுக்குப் பூட்டு இல்லை. கோயிலில் மைக்செட் கரகரத்துக்கொண்டிருந்ததைச் சரிபண்ணினான். அதிலிருந்து ஞாயிறுதோறும் பின்வரிசையில் மிக்சர் முன்னால் அவன்தான் உட்காருகிறான். தினமும் உயிரோடு இருக்கிறானா என்று காலையில் போன் பண்ணிக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இருக்கேன்க்கா என்று எரிச்சலோடு சொல்வான். அந்த எரிச்சலைக் கேட்டுவிட்டுத்தான் நான் முதல் ஊசியை எடுப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அம்மா என்னைக் குறிப்பு எழுதச் சொல்லவில்லை. கோயிலுக்குக் கிளம்பும்போது அவள் ஆட்காட்டி விரலில் பேனா மை இருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை.

போதகர் ஒரு தாளைப் பிரித்தார். பெரிய பெரிய எழுத்து. பெண்கள் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. முகம் மலர்ந்து வாசிக்க ஆரம்பித்தார். “நன்றி ஸ்தோத்திரம். நம் மூப்பரின் குமாரனை நீண்ட நாள் வாதித்த கல்லடைப்பிலிருந்து கர்த்தர் பூரணமாக...”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனைக்குப் பிறகும் கல். வார்டில் எத்தனை சபையார் அவனை வந்து பார்த்தார்கள், அத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து கத்திவிடுவது என்று முன்பெஞ்சைப் பிடித்தேன்.

அப்போது மைக் செத்துப்போனது.

போதகர் தட்டிப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். தம்பி மிக்சர் அருகே எழுந்து நின்றிருந்தான். அரைக்கைச் சட்டை.

“ஐயா, எனக்குக் கல்லு இல்ல,” என்றான். மைக் இல்லாமலே கடைசிவரை கேட்டது. “பவுடர் போட்டுக்கினு இருந்தேன். இப்ப போடல. இன்னிக்கி வரைக்கும் போடல. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க.”

குனிந்து ஒரு பொத்தானைத் தள்ளினான். ஸ்பீக்கரில் போதகர் மூச்சு விடுவது கேட்டது. “இப்பப் படிங்க,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

நைனா காணிக்கைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நர்சம்மா மட்டும் தனியாக ஆமென் என்றார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கூடத்தில் நூறு பேர் சிரித்தபோது வராத சிரிப்பு, கோயிலுக்குள், எல்லோரும் பார்க்க, அடக்க அடக்க வந்தது. சும்மா இரு என்று அம்மா மை பட்ட விரலால் என் தொடையில் கிள்ளினாள். சிரிப்பை நிறுத்த எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவள் கிள்ளின இடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.